கனி அக்கா வைத்த வாய்கள்

கணினி மையத்தில் நான் தட்டச்சுப் பயிற்சியில் இருந்தபோது உரிமையாளர் அண்ணாச்சி உள்ளே வந்தார். "கனி போயிட்டா. விடியக்காலம் பெரியாஸ்பத்திரியில. சிஸ்டத்தை அமத்திட்டு எல்லாரும் கிளம்புங்க" என்றார். பிறகு கனி அக்காவின் இருக்கையைப் பார்த்து, "அடுத்த மாசம் இதுல வேற ஆளைப் போட்டுக்கலாம்" என்றும் சொன்னார்.

சண்முகக்கனி அக்காவை இந்த மையத்தில் எல்லோருக்கும் தெரியும். கல்லூரி இறுதியாண்டுக்காக, படமும் பாட்டும் ஓட்டும் நிரல் ஒன்றை இங்கே எழுதிக்கொண்டிருந்தார். கோப்பைப் படிக்க ஒரு பாகம், படத்தையும் ஒலியையும் பிரிக்க ஒன்று, திரைக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று. எந்தப் பாகம் எங்கே இணையும், எந்த வகைத் தரவை ஏற்கும் என்று முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். அந்த இணைப்பிடங்களுக்கு அவர் வைத்த பெயர் வாய். தரவு உள்ளே வருவது வாங்குவாய், வெளியே போவது விடுவாய்.

அண்ணாச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கம்ப்யூட்டருக்கும் வாயா? ஒனக்கு இருக்கது காணாதாக்கும்?"

"ஒங்களுக்கு விடுவாய் மட்டுந்தான் அண்ணாச்சி. வாங்குவாயே வைக்கல."

அன்றிலிருந்து அவருக்கு வாய்க்காரி என்று பெயர். அது அவர் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒருநாள் ஒரு பாகத்தின் வாய்களை என்னையும் எழுதச் சொன்னார். பிரிக்கும் பாகத்துக்குப் படவாய், ஒலிவாய் இரண்டும் எப்போதும் உண்டு என்று எழுதினேன். ஒலியே இல்லாத கல்யாண வீடியோ ஒன்றைப் போட்டதும், வராத ஒலிக்காக நிரல் காத்து நின்றுவிட்டது. "ஏட்டி, கோப்பைத் திறக்காம எத்தனை வாய்னு எப்படிக் கண்ட? ஜாதகமா பாத்த? 'சில வேளை'ன்னு எழுது" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்த காலையில், விசைப்பலகை மேலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கவிழ்ந்தார். நான்தான் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அன்று மாலை விளாத்திகுளத்திலிருந்து அவரைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"மாப்ள வீட்டுக்காரவிய வாராவன்னதும் வயித்துவலி வந்துட்டோ? வாய்க்காரி, நடிக்காத" என்றார் அவர் அம்மா.

ஓமத்தண்ணி கொடுத்து, பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து உட்காரவைத்தார்கள். காப்பித் தட்டோடு அக்கா சரிந்து விழுந்தாராம். வந்தவர்கள், "புள்ளைக்கு முன்னமே சீக்கு இருக்கோ?" என்று கேட்டுவிட்டு வண்டி ஏறினார்களாம். குடல்வால் வெடித்துவிட்டது, காலையிலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னாராம்.

துக்க வீட்டில் அவர் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லலையே எம் மவ! சொல்லியிருந்தா தூக்கிட்டு ஓடியிருப்பேனே!" என்று அழுதார். சுற்றியிருந்த பெண்கள், "ஊரெல்லாம் பேசுவா, இதைச் சொல்லாம போயிட்டாளே" என்றார்கள்.

அக்கா சொன்னார். அன்று காலை நான் பக்கத்தில் நிற்க, அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவே வலிக்குதும்மா" என்று சொன்னார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அவர் சொல்லவில்லை என்று யார் சொன்னாலும் அதைச் சொல்வேன்.