செக்போஸ்ட் வாத்தும் பவுலாவின் நேர்ச்சையும்

காரோடு ஊர்க்காரி பவுலாவின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து காசர்கோடு வரைக்கும் இப்படி ஒரு தொண்டை மனுஷப் பிறவிக்கு வாய்த்ததில்லை. அவள் தலையில் மீன் சருவத்தோடு நின்று "மீனேய்ய்!" என்று ஒரு நீட்டு நீட்டினால், பாறசாலை ஸ்டேஷனில் சிக்னலுக்குக் காத்துக் கிடக்கும் ரயில் புறப்பட்டுவிடும். நெய்யாற்றின்கரையில் வக்கீல்மார் வாதத்தை நிறுத்திவிட்டு இன்றைக்கு என்ன மீன் என்று யோசிப்பார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பெண்டுகள் அம்மியில் தேங்காய் வைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். ஒருமுறை அந்தச் சத்தம் கேட்டு, சருவத்தில் செத்துக் கிடந்த சாளை மீன் ஒன்று கண்ணைத் திறந்து பார்த்தது. பார்த்தவன் சொன்னதுதான் இது.

தொண்ணூறுகளின் நடுவில் பவுலாவுக்கு வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். விடியும் முன்னே கடற்கரைக்குப் போய் மீன் பிடித்து (வலையால் அல்ல, ஏலத்தில் நாக்கால்), பஸ்ஸேறி ஊர் ஊராக விற்பாள். எந்த வீட்டில் மருமகள் வந்திருக்கிறாள், எந்த வீட்டில் யாருக்கு மூலம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மீனும் அதற்குத் தக்கபடிதான் தருவாள். புருஷன் ஸ்தனிஸ்லாஸ் கட்டுமரத்தில் போகிறவர். கடலில் அலைச்சத்தம் கேட்டால்தான் காதுக்கு ஓய்வு என்று சொல்வார். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த பிள்ளைதான் செக்போஸ்ட்.

செக்போஸ்ட் ஒரு வாத்து. முற்றத்தில் காயும் கருவாட்டைக் காக்காய் கொத்தாமல் இருக்க, தாராவு என்கிற நாட்டு வாத்தின் குஞ்சு என்று நினைத்துத்தான் சந்தையில் பவுலா அதை வாங்கினாள். தாராவு குட்டையாக, சாதுவாக, சேற்றைக் கிண்டிக்கொண்டு கிடக்கும். இதுவோ கழுத்தும் கோபமும் போட்டி போட்டு வளர்ந்து, வெள்ளை வெளேரென்று பெரிய ஜாதி வாத்தாக நிமிர்ந்து நின்றது. படலைத் திறக்கிற எவனையும் கழுத்தை நீட்டிச் சீறி நிறுத்தி, காலிலிருந்து கைப்பை வரை சோதனை போட்ட பிறகே விடும். தபால்காரர் கடிதத்தைக் கல்லில் சுற்றி எறிவார். எல்லைச் செக்போஸ்ட்டில்கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது.

பெயர் வைத்தவன் பக்கத்து வீட்டு ஜெய்சன். பத்தாம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். நல்ல பையன், ஒழுக்கமானவன். அவனைப் பற்றி ஊரில் சொல்கிறதில் முக்கால்வாசி பொய்.

ஒரு மே மாதக் காலையில் பவுலா வெறும் சருவத்தோடு படலைத் திறந்தாள். யாரும் சீறவில்லை.

"எட்டி, ஒனக்க செக்போஸ்ட் இன்னைக்கு லீவா?" என்றார் திண்ணையில்லாத அந்த வீட்டின் வாசற்படியில் வலை பின்னிக்கொண்டிருந்த ஸ்தனிஸ்லாஸ்.

வாத்து தென்னை மூட்டில் சரிந்து கிடந்தது. கழுத்தின் அடியில் இளநீர்க் கருக்கு அளவுக்கு வீக்கம். வாயைத் திறந்தால் புளித்த கஞ்சி வாடை. பக்கத்தில் கயிறு திரிக்கக் குவித்திருந்த சகிரித் தும்பில், அதாவது தேங்காய் நாரில், பாதியைக் காணவில்லை. கஞ்சித் தண்ணீர் கொட்டிய தும்பை, சேமியா என்று நினைத்து விழுங்கியிருக்கிறது.

பவுலா அதைச் சாக்கில் சுற்றிச் சருவத்தில் வைத்து பஸ்ஸேறினாள். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"மாமி, இதுக்கு லக்கேஜ் எடுக்கணும்."

"லக்கேஜா? இது நோயாளியாக்கும். இதுக்கு சீட்டு தா, ஜன்னல் பக்கம் இருக்கட்டு. காத்து வேணும்."

நெய்யாற்றின்கரை வரைக்கும் செக்போஸ்ட் ஜன்னலோரம் இருந்து போயிற்று. ஒரு வாத்தியார் நின்றுகொண்டு வந்தார்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "தும்பு உருண்டு அடைச்சிருக்கு. கொஞ்சங் கொஞ்சமா தேங்காயெண்ணெய் குடுத்து, சூடு தண்ணி குடுத்து, கழுத்தை மெள்ள மெள்ளத் தடவணும். வேற தீனி கூடாது. அப்புறம் ஒரு காரியம். இது ரொம்பப் பயந்து போயிருக்கு. பக்கத்தில யாரும் சத்தம் போடக் கூடாது. அதிர்ச்சியில நெஞ்சு நின்னுபோகும்."

பவுலா, "செரி டாக்டரே!" என்றாள். வெளியே கட்டியிருந்த எருமை அறுத்துக்கொண்டு ஓடியது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடந்ததை நம்புவது கஷ்டம். பவுலா ரகசியம் பேசினாள். ஸ்தனிஸ்லாசின் கட்டிலில் செக்போஸ்ட் படுத்தது. ஸ்தனிஸ்லாஸ் பாயில் படுத்தார். அவருடைய நல்ல பனியன் வாத்துக்கு ஒத்தடத் துணியாயிற்று. அவர் காதுக்கு மருந்து விடுகிற ஃபில்லர் அதற்கு எண்ணெய் விடப் போயிற்று. பவுலா அந்த நீளக் கழுத்தை மடியில் வைத்து, மீன் செதிலில் காய்த்துப்போன விரலால், பச்சைப்பிள்ளையைத் தடவுவது போல மேலிருந்து கீழே தடவிக்கொண்டிருந்தாள். "குடிச்சுக்க மக்கா, எனக்க பொன்னுல்லியா, ஒரு சொட்டு."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்பம் ஒரு சுக்கு தட்டித் தந்தியாட்டி?" என்று ஸ்தனிஸ்லாஸ் கேட்டார்.

"மெள்ளப் பேசும். அது ஒறங்குது," என்று பவுலா காதோடு சொன்னாள்.

அவருக்கு மயிர்க்கூச்செடுத்தது. இத்தனை வருஷத்தில் அவள் அவர் காதோடு எதுவும் சொன்னதில்லை. "எட்டி, நீ கத்து. இப்பிடிப் பேசினா எனக்கு என்னமோ பயமாட்டு இருக்கு."

தெருவிலும் அதே கதிதான். பழகிவிட்டதால் விற்கப் போன இடத்திலும் "மீனு" என்று முனகினாள். ஒரு வீட்டுக்கும் கேட்கவில்லை. பவுலா செத்துப்போனாள் என்று பாறசாலையில் பேச்சு வந்தது. ஒருத்தி அழுதுகொண்டே வந்து, படலில் பவுலாவையே பார்த்து, அடக்கம் எப்பம் என்று கேட்டாள்.

ஜெய்சன் தினமும் வேலிக்கு மேல் தலையை நீட்டுவான். "மாமி, நல்ல மொளகு வறுத்து வைக்கட்டா? வாத்துக்கு மல்லி கொறச்சுப் போரும்."

பவுலா கத்த முடியாமல் செருப்பை எடுத்து வீசுவாள். விடியற்காலையில் வேலிக்கு இந்தப் பக்கம் யாரோ கழுவின இளம்புல்லும் பாசியும் வாழையிலையில் வைத்துவிட்டுப் போனார்கள், நோய் தெளிந்தால் தின்னட்டும் என்று. ஜெய்சன் அந்த நேரத்தில் எழுந்திருப்பவனே அல்ல.

ஆனால் நோய் தெளியவில்லை. ஒரு சாயங்காலம் செக்போஸ்ட் எண்ணெயை விழுங்காமல் கழுத்தைத் தொங்கப் போட்டது. கண்ணில் வெள்ளைப் படலம் விழுந்தது. பவுலா அதைக் கட்டிலில் கிடத்திவிட்டு, சந்தியில் இருக்கும் அந்தோணியார் குருசடிக்கு ஓடினாள். அங்கே சத்தம் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. அடக்கி வைத்திருந்த தொண்டை அத்தனையும் ஒரே வீச்சில் திறந்தது.

"அந்தோணியாரேஏஏ! எனக்க செக்போஸ்டப் பொழைக்க வையும்! பொழைச்சா அதை ஒமக்கே தந்துருவேஏஏன்!"

ஊரில் எல்லோரும் அப்படித்தான் வேண்டுவார்கள். கோழிக்குச் சீக்கு வந்தால், தப்பிக்கிற கோழியில் ஒன்று அந்தோணியாருக்கு. பலா காய்க்காவிட்டால் முதல் பலா அவருக்கு. திருநாளன்று எல்லாம் கோயில் முற்றத்தில் ஏலம் போகும். பவுலாவின் வாய்க்கு அந்த வாசகம் பழக்கம். கோழி என்றால் பத்துப் பதினைந்து இருக்கும், ஒன்று போனால் தெரியாது. வாத்து ஒன்றே ஒன்றுதான் என்பது வாய்க்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை செக்போஸ்ட் குடல் புரள ஒரு கக்கல் கக்கியது. எண்ணெயில் ஊறி வழுவழுத்த தும்பு உருண்டை கட்டிலுக்குக் கீழே விழுந்தது. என்னவென்று குனிந்து பார்த்த ஸ்தனிஸ்லாசின் கெண்டைக்காலை அது இறுகக் கவ்வியது.

"கடிச்சுட்டு! அந்தோணியாரே, கடிச்சுட்டு!" என்று பவுலா கூவி ஆனந்தக் கண்ணீர் விட்டாள்.

"கடிச்சது என்னையாக்கும்," என்றார் ஸ்தனிஸ்லாஸ். காலைத் தடவிக்கொண்டே கேட்டார்: "எட்டி, நேத்து என்னவாக்கும் வேண்டின?"

அவள் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே முகம் வெளுத்தது.

"கொள்ளாம். செத்தாலும் போச்சு, பொழைச்சாலும் போச்சு. இதுக்கு எனக்க பனியன் வேற."

பவுலா கோயில் உபதேசியாரிடம் ஓடினாள். வாத்து உயரத்துக்கு மெழுகுதிரி தருகிறேன் என்றாள். ஒரு கூடை அயிலை மீன் தருகிறேன் என்றாள். உபதேசியார் கையை விரித்தார். "வேற யாராவது ரகசியமாட்டு வேண்டியிருந்தா நான் கண்ண மூடிக்கிடுவேன். நீ வேண்டினது பெருங்கடவிளை வர கேட்டிருக்கு, பவுலா. அந்தோணியாருக்குக் கேக்காம இருக்குமா?"

திருநாள் வந்தது. கோயில் முற்றத்தில் வாழைக்குலை, பலாப்பழம், சேவல்களுக்கு நடுவே செக்போஸ்ட் ஒரு கூடைக்குள் இருந்து வருகிற போகிறவனைச் சோதித்துக்கொண்டிருந்தது. ஞானையன் வந்து நின்றார். சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். வருஷா வருஷம் ஏலத்தில் பறவையெல்லாம் அவருக்குத்தான். அவரோடு போட்டி போட்டு எவரும் ஜெயித்ததில்லை. அவர் குனிந்து வாத்தின் நெஞ்சை அமுக்கிப் பார்த்து, "தள்ளே! எண்ணெயில ஊறின எறச்சியாக்கும்," என்றார். பவுலா வாத்தைத் திரும்ப ஏலம் எடுக்க முந்தானையில் முடிந்த பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் கூட்டத்துக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. இந்த வாத்துக்கு மாட்டாஸ்பத்திரியில் எருமைக்குப் போடுகிற ஊசி போட்டிருக்கிறார்களாம். மருந்து இறைச்சியில் இறங்கிவிட்டதாம். தின்றவனுக்குப் பல் கொட்டுமாம். முதலில் கடைவாய்ப்பல், அப்புறம் வரிசையாக. காரக்கோணத்தில் ஒருத்தன் இப்போது கஞ்சிதான் குடிக்கிறானாம். பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை. ஜெய்சன் அந்த நேரம் பந்தல்காலில் சாய்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான். யாரிடமும் பேசவில்லை. பேசியிருந்தாலும் திருநாள் விசேஷம்தான் பேசியிருப்பான்.

பேச்சு ஞானையனை எட்டியபோது அவர் வாயை மூடினார். அவருக்கு முன்னால் இரண்டு தங்கப்பல் உண்டு.

"வாத்து! நல்ல வாத்து! கேளுங்கப்பா!" என்றார் உபதேசியார். ஒரு தும்மல் மட்டும் கேட்டது.

"அம்பது ரூவா!" என்று பவுலா கூவினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள்.

"அம்பது, ஒரு தரம்! ஞானையா, நீரு கேக்கேலியா?" ஞானையன் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினார். "அம்பது, ரெண்டு தரம்..."

எதிராளி இல்லை என்று கண்டதும் பவுலாவுக்குள் இருந்த மீன்காரி விழித்துக்கொண்டாள். "நில்லும் உபதேசியாரே. அம்பது கூடுதலாக்கும். சீக்கு பிடிச்ச சாதனம். நாப்பது தாறேன்."

"அது ஒனக்க வாத்துதானேட்டி! நீதான அம்பதுண்ணு செல்லின?"

"அது அப்பம். இப்பம் பாரும், றெக்க சரிஞ்சு கிடக்கு. முப்பத்தஞ்சு."

இன்னும் நின்றால் அந்தோணியார் கைக்காசு கொடுக்க வேண்டி வரும் என்று பயந்து, உபதேசியார் சட்டென்று மூன்று தரம் சொல்லி முடித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பவுலா இடுப்பில் செக்போஸ்ட்டை வைத்திருந்தாள். அது வழியில் போகிற சைக்கிள்களைச் சீறிக்கொண்டு வந்தது. வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஜெய்சன் பின்னால் நடந்தான், தூக்கச் சொன்னதால்.

"எலே ஜெய்சா," என்றாள் பவுலா, திரும்பாமல்.

"என்ன மாமி?"

"பாவம் ஞானையண்ணன். இந்த வாத்தத் தின்னா தலமுடி கொட்டும்ணு எவனோ செல்லிப்போட்டானாம்."

ஜெய்சன் நின்றுவிட்டான். "முடியா? எவன் செல்லினது முடிண்ணு? பல்லாக்கும் மாமி! கடவாப்பல்லுல தொடங்கி வரிசையாட்டு! ஒழுங்கா செல்லிக் குடுத்தாலும் இந்தப் பயலுவளுக்கு..."

அதோடு அவன் வாய் திறந்தபடி நின்றது.

பவுலா திரும்பி அவனைப் பார்த்தாள். வாத்தும் பார்த்தது.

"வரிசையாட்டா மக்கா?" என்றாள் பவுலா. "ம், மிச்சத்தையும் செல்லு."