உயிருள்ள மண்ணுக்கு அனுமதி இல்லை

ஆடி மாதத்தில் ஒரு நாள். கல்லூரியின் தாவரவியல் லேபில் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கையில் ஒரு பால்பவுடர் டின்னோடு சாமுவேல் சார் வந்து நின்றார்.

சாத்தான்குளத்துக்காரர். எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார். துறைமுகத்தில் வந்திறங்கும் செடி, விதை, மண்ணையெல்லாம் சோதித்துப் பார்க்கும் அதிகாரி.

“டீச்சர், இத உங்க ஆட்டோகிளேவ்ல வச்சு அவிச்சுத் தரணும். எங்க மிஷின் ரிப்பேரு.”

ஆட்டோகிளேவ் என்பது பிரஷர் குக்கரின் பெரியண்ணன். உள்ளே போனால் எந்தக் கிருமியும் தப்பாது.

அவருக்குப் பின்னால் அழுது சிவந்த கண்களோடு ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். பெயர் ராக்காயி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். மூன்று வருடம் முன்பு இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நீலகிரியில் புதிதாகப் போட்ட தோட்டத்தில் நாற்றுப் பண்ணையைக் கவனிக்கிறார். ‘தவறணை’ என்று அதைச் சொன்னார். அங்கே நாற்று பிழைக்கவில்லை. இன்னும் இலங்கையிலிருக்கும் அக்கா, பழைய தவறணையின் மண்ணை டின்னில் அடைத்துத் தோணிக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். சாமுவேல் சார் பிடித்துவிட்டார்.

“மூணு தடவ வச்சாச்சுங்க, வேர் ஓட மாட்டேங்குது. இன்னொரு தடவ பட்டுப்போச்சுன்னா என்னைய தவறணைய விட்டே எடுத்துருவாங்க. இந்த மண்ணுல உசுரு இருக்குங்க!”

“உசுரு இருக்குன்னுதானம்மா விடமாட்டேங்கேன்” என்றார் சாமுவேல் சார்.

இருவர் சொல்வதும் சரி. நீங்கள் என்ன செய்வீர்கள்?

வருடா வருடம் வகுப்பில் நான் நடத்தும் பாடம்தான். வேரைச் சுற்றி வாழும் பாக்டீரியாக்களில் சில, காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும். சில, மண்ணில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்துக் கொடுக்கும். செடி தளதளவென்று வளரும். அந்த நல்லவர்களை நானே அவிக்க வேண்டுமா?

ஒரு சொட்டு மண் கரைசலை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ராக்காயியும் குனிந்து பார்த்தார்.

“அடேயப்பா... இம்புட்டா! எல்லாம் நம்மாளுங்களா?”

அதைத்தான் சொல்ல முடியாது. நல்லதும் கெட்டதும் லென்ஸில் ஒரே மாதிரிப் புள்ளிகள், குச்சிகள். பிரித்தறியப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டும், மாதங்கள் வேண்டும். ஒரே ஒரு நோய் கடல் தாண்டி வந்தால் போதும் – அந்த மலையில் இவரைப் போல எத்தனை பேர் பிழைப்பு போகும்?

டின்னை உள்ளே வைத்து மூடினேன். ஆவி இறங்கும்வரை ராக்காயி பெஞ்சில் அசையாமல் இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பிறகு மெதுவாகக் கேட்டேன். “இப்ப நாத்து வைக்க மண்ணு எங்க எடுக்கீங்க?”

“ரோடு போட மலைய அறுத்த எடத்துலங்க. செவப்பா, சுத்தமா இருக்கும்.”

சுத்தம்தான் சிக்கல்! அத்தனை ஆழத்து மண்ணில் உயிர் எங்கே இருக்கும்?

“பக்கத்துல நல்லா வளர்ந்த பழைய தேயிலை இருக்கா?”

“கீழ்த் தோட்டத்துல இருக்குங்க.”

“அந்த வேரடியிலயும் இந்த மாதிரி ஆளுக இருப்பாங்கம்மா. நோயில்லாத செடியாப் பாத்து, மக்குன எலையோட மண்ணு எடுங்க. பாதி நாத்துக்குக் கலந்து வைங்க, பாதிய அப்படியே விடுங்க. கண்டிப்பா பலிக்கும்னு சொல்ல மாட்டேன்... செஞ்சு பாருங்க.”

ராக்காயி எழுந்து கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போன சாமுவேல் சார், பிள்ளைகளுக்கென்று மக்ரூன் இனிப்புப் பொட்டலம் வாங்கி நீட்டினாராம். ராக்காயி வாங்கிக்கொள்ளவில்லை.

சில மாதம் கழித்து, இந்த வாரம் கடிதம் வந்தது. ராக்காயி சொல்ல, மகள் எழுதியிருக்கிறாள். மண் கலந்த பாத்தியில் பெரும்பாலும் வேர் ஓடிவிட்டது. கலக்காததில் பெரும்பாலும் கருகிவிட்டது. தவறணை இன்னும் அவர் பொறுப்பில்தான்.

கடைசி வரி இது: ‘அந்த ஆபீசர் ஐயாவ ஊர் வந்து சேர்ற வரைக்கும் திட்டினேன். அதுக்கப்புறமும் திட்டினேன். இப்ப நிறுத்திட்டேன்னு சொல்லிருங்க.’

சாயங்காலம் சாமுவேல் சாரிடம் காட்டினேன். வாசலில் நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

“எம் சர்வீஸ்ல எத்தனயோ பேரு திட்டியிருக்காவ, டீச்சர். நிறுத்திட்டோம்னு எழுத்துல குடுத்தது இந்தம்மா மட்டுந்தான்...”

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கு வந்த கடிதம் அது – திருப்பிக் கேட்க மனம் வரவில்லை!