கண்டக்குழியின் சிறுகிளா

கடலோரக் கண்டக்குழியில் அக்கீலாவின் காணியில் பாதி முள்ளுப் பற்றைதான். சிறுகிளா என்பார்கள். மாரி மழைக்குப் பிறகு கறுத்துத் திரண்டு காய்க்கும். அக்கீலா அதை ஊறவைத்து அச்சாறு போட்டுச் சுற்றுலா விடுதிகளுக்குக் கொடுத்துவந்தாள். சிறுகிளாவில் இந்த வகை இந்த ஒடுங்கிய மணல்கரையைத் தவிர வேறெங்கும் இல்லை என்று தாவரங்களை ஆராய வந்த மெரினா ஒருமுறை சொல்லியிருந்தார். அவர் கொழும்புக்குக் கொண்டுபோன கன்றுகள் பட்டுப்போயின.

பக்கத்துக் காணியில் விடுதி கட்டிய நௌஃபருக்குப் பற்றை கடலை மறைத்தது. அக்கீலா வெட்ட விடமாட்டாள் என்று தெரிந்து, அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் ஜெமீலிடம் சம்மதம் வாங்கிக்கொண்டார். ஒரு நாள் காலை மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்து ஒரு மூலையை வேரோடு பிடுங்கியது. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கீலா பற்றைக்குள் இறங்கி நின்றாள். முள் கிழித்து இரண்டு கைகளிலும் இரத்தம் வடிந்தது.

"காக்கா ஓம் எண்டுட்டார். வெளியால வாங்க," என்றார் நௌஃபர்.

"காணி என்ர பேரில. காக்கா எப்பிடி ஓம் சொல்லுவார்?"

"மன்னாரால வந்த ஆக்கள் நீங்க. இந்த ஊர் முள்ளுக்காக உங்களுக்கு என்ன சண்டை?"

அக்கீலா அவரை நேராகப் பார்த்தாள். "தொண்ணூறில இயக்கக்காரங்க முஸ்லிம் ஆக்கள மன்னார விட்டுப் போ எண்டாங்க. உம்மாட கையப் பிடிச்சிட்டுப் போனன். அப்ப நான் சின்னப் புள்ள. இப்ப போகமாட்டன்."

பெக்கோ ஓட்டிய ஃபாஹிம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினான். "மனுசி நிக்கிற இடத்தில நான் வாளியப் போடமாட்டன்," என்று சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தான். நௌஃபர் எவ்வளவு பேசியும் அவன் எழும்பவில்லை. மத்தியானத்துக்கு முன்பே பெக்கோ திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு நௌஃபரின் பேச்சைக் கேட்டு எந்த விடுதியும் அவளிடம் அச்சாறு வாங்கவில்லை. பெருநாளுக்கு ஜெமீலும் வீட்டுக்கு வரவில்லை. அவள் அழுதாள், ஆனால் யாரிடமும் கெஞ்சிப் போகவில்லை. பிடுங்கிய வேர்களைத் திரும்ப நட்டாள். பெரும்பாலானவை காய்ந்தன, சில துளிர்த்தன. தலவில தேவாலயத்தின் திருவிழாவில் தெருவோரம் போத்தல்களைப் பரப்பி விற்றாள்.

அடுத்த மாரி முடிந்து பழம் கறுத்தபோது நௌஃபரின் சமையற்காரர் வேலிப் படலையில் வந்து நின்றார். விடுதிக்கு வந்திருக்கும் வெள்ளைக்காரர்கள் பற்றையில் அந்தப் பழத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்களாம்.

"குடுக்கிறதுதான்," என்றாள் அக்கீலா. "உங்கட முதலாளி வந்து கேக்கட்டும்."

நௌஃபர் இன்னும் வரவில்லை. பழங்கள் அச்சாறுச் சாடிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.