செம்புக் குழாய்க்குள் போன ரொட்டி

எங்கள் தெருக் குழாய்க்காரருக்குக் 'கப்சிப்' என்று பெயர் வைத்தது அவர் மனைவிதான். முதன்முதலாகத் தன்னைப் பெண் பார்க்க வந்தபோது "சரி" என்ற ஒரு வார்த்தைதான் பேசினாராம். "அதுவும் எங்கப்பா தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டதுக்கு. நாங்கதான் கல்யாணத்துக்குச் சம்மதம்னு எடுத்துக்கிட்டோம்" என்பார் அந்த அம்மாள்.

ஒருநாள் காலை, அதே தெருவில் இருக்கும் டீச்சர் வீட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் செம்புக் குழாயின் இணைப்பு கசிந்தது. கப்சிப் வந்தார், குனிந்தார், "ம்" என்றார். மெயின் வால்வை மூடி, பழைய ஈயத்தைச் சூடுகாட்டி உருக்கி, இணைப்பைக் கழற்றினார். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஈயம் ஒட்டிப் பிடிப்பதற்கான பசையைத் தடவிப் பொருத்தினார். நெருப்பைக் காட்டினால் புஸ்ஸென்று ஆவிதான் வந்தது, ஈயம் பிடிக்கவில்லை. வால்வு தேய்ந்திருந்ததால் உள்ளே இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரம் போகாமல் குழாய் சூடேறாது. இரண்டாம் முறையும் அதே கதி.

"வேற ஆளைக் கூப்பிடலாமா?" என்று டீச்சரின் கணவர் மனைவியிடம் கிசுகிசுத்தார். அது தொட்டிக்கு அடியிலும் கேட்டது. கப்சிப்பின் காது மடல் சிவந்தது.

"டீச்சரம்மா, ரொட்டி இருக்கா?"

டீச்சருக்கு மனசு இளகிவிட்டது. பாவம், வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார்! இரண்டு துண்டுகளை மொறுமொறுவென்று வாட்டி, வெண்ணெய் தடவி, டீயோடு நீட்டினார்.

"வாட்டாதது வேணும்."

"பல் வலியாண்ணே?"

கப்சிப் தலையை ஒரு தினுசாக ஆட்டினார். அடுத்து, வாட்டாத ரொட்டி ஜாமோடு வந்தது.

"வெறும் ரொட்டிங்க!"

அது வந்ததும் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, வெள்ளைப் பகுதியை உருட்டிக் குழாய்க்குள் திணித்தார்.

"ஐயையோ, என்ன பண்றீங்க?"

"சொட்டுற தண்ணியை இது கொஞ்ச நேரம் புடிச்சு வெச்சுக்கும். அதுக்குள்ள பத்தவெச்சிடுவேன். அப்புறம் தண்ணியைத் திறந்துவிட்டா, கரைஞ்சு வெளிய வந்துடும்."

இந்த முறை ஈயம் இணைப்பைச் சுற்றி வெள்ளிக்கம்பி போல ஓடிப் பிடித்தது. ஆறியதும் வால்வைத் திறந்தார். மேலே குழாய் இருமி, செருமி, ரொட்டிக் கூழைத் துப்பிவிட்டுத் தெளிவாகக் கொட்டியது.

கணவருக்கு நம்பிக்கை வரவில்லை. இணைப்புக்கு அடியில் செய்தித்தாளை விரித்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மதியம்வரை ஒரு சொட்டும் விழவில்லை. பொழுதுபோகாமல் அந்தத் தாளையே குனிந்து படித்து முடித்துவிட்டு எழுந்தார்.