மருந்து கொடுக்காத ஷெட்

போன வாரம் திருச்செங்கோட்டில் என் மச்சானின் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வைத்தியத்துக்கு அல்ல... பஞ்சாயத்துக்கு!

மச்சான் குழந்தைகள் டாக்டர். முப்பது வருஷ சர்வீஸ். சளி என்று எந்தக் குழந்தை வந்தாலும் ஒரு ரோஸ் கலர் இருமல் சிரப் எழுதிவிடுவார். குழந்தை பேர் சொல்வதற்குள் பேனா பாதி ஓடியிருக்கும்.

இப்போது அவர் மகள் நித்யாவும் எம்.டி. முடித்து அங்கேயே உட்காருகிறாள். சாதாரண சளிக்கு அந்த சிரப்பால் பலனில்லை, குழந்தைக்குத் தூக்கக் கலக்கம்தான் மிச்சம் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கட்டாக நீட்டினாள். அவர் பிரித்துப் பார்த்தால்தானே? அனுபவத்தை விடவா பேப்பர் பெரிசு என்றுவிட்டார். அப்படியானால் சென்னையில் வேலைக்குப் போகிறேன் என்று அவள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். ‘எங்கண்ணனுக்குப் புத்தி சொல்லிட்டு வாங்க’ என்று என்னைத் துரத்தினாள் என் மனைவி.

நான் போய் உட்கார்ந்த நேரம், மல்லசமுத்திரத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் மகளோடு உள்ளே வந்தார். முந்தின வாரம் மகளுக்குச் சளி என்று வந்தவரை, சிரப் வேண்டாம், மூச்சு வாங்கினால் மட்டும் உடனே வாங்க என்று நித்யா அனுப்பியிருக்கிறாள். மச்சானுக்கு வியர்த்துவிட்டது. எதிர் கிளினிக்குக்குப் போய்விட்டால்?

“சிரப் எழுதித் தாரேனுங்க” என்று பேனாவை எடுத்தார்.

சளி தானாகவே போய்விட்டதாம். தடுப்பூசிக்கு வந்தாராம். அப்படியானால் இதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் சிரப் எதற்கு என்று பண்ணைக்காரர் கேட்டார். அதைக் குடித்துத்தானே ஒரு வாரத்தில் சரியானது என்றார் மச்சான்.

“ஏனுங்க டாக்டர், மருந்து குடுக்காத ஷெட்டுன்னு ஒண்ணு வெச்சுப் பாத்தீங்களா?”

அவர் பண்ணையில் அதுதான் வழக்கமாம். புதுத் தீவன மருந்தோடு ஏஜென்ட் வந்தால் ஒரு கோழி ஷெட்டுக்குப் போடுவார், பக்கத்து ஷெட்டுக்குப் போட மாட்டார். இரண்டிலும் முட்டையை எண்ணுவார். வித்தியாசம் இல்லையென்றால் ஏஜென்டுக்கு ஒரு டீ, அவ்வளவுதான். மச்சானோ முப்பது வருஷமாக எல்லா ஷெட்டுக்கும் சிரப் ஊற்றியிருக்கிறார்!

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பக்கத்து அறையைப் பார்த்து, “நித்யா கண்ணு, அந்தப் பேப்பரைக் கொண்டா, பாக்கலாம்” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே சென்னைக்கு போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள் நித்யா. பஞ்சாயத்துக்குப் போன நான் பேசியது ஒரே வார்த்தை — காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று.

திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. நானும் பதினோரு வருஷமாக வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு அனுபவத்தை ஊற்றிக்கொண்டிருக்கிறேனே... பலன் உண்டா? வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

“உங்க பத்தியைப் படிக்காதவங்களும் நல்லாத்தானுங்க இருக்காங்க.”