லிப்ட்காரர் படியேறிய மாலை

அப்பா முப்பது வருடம் ஒரு பெரிய கடையில் லிப்ட் ஓட்டினார். ஊரையே மேலே ஏற்றியவர், தான் அந்தக் கடையில் ஒரு படிகூட ஏறியதில்லை என்று அம்மா கிண்டலடிப்பாள். மாரடைப்புக்குப் பிறகு படியென்றாலே அவருக்குக் கிலி. எங்கள் வீடோ லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி.

"பேசிக்கிட்டே ஏறுங்க. பேச முடியாம மூச்சு முட்டினா நின்னுடுங்க" என்றார் மருத்துவமனைப் பயிற்சியாளர்.

தனியாக என்னத்தைப் பேசுவது என்று அப்பாவுக்குக் குழப்பம்.

ஒரு மாலை படிக்கட்டில், லிப்டில் மாடி மாடியாக அறிவித்த அப்பாவின் அந்தப் பழைய குரல் கேட்டது. எத்தனை நாளாயிற்று கேட்டு!

"முதல் மாடி, பாத்திரம், பீங்கான்!" சற்று நின்று, மூச்சு தணிந்ததும், "ரெண்டாவது மாடி, குழந்தைங்க உடுப்பு!"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

"மூணாவது மாடி, வீடு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மா, லிப்ட் நின்றதும் அவர் சொல்லும் வசனத்தையே சொன்னாள்:

"கதவு திறக்குது, பாத்து வாங்க."