என் நாடகத்தில் இன்னொருவன் கை

லண்டனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதுவது நான்தான். ஒருவரும் என்னை நியமிக்கவில்லை. வேறு எவரும் முன்வரவில்லை, அதனால் அது என்னுடையதாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் அரசனாகவும் புலவராகவும் வேட்டி தடக்கி விழுவார்கள். பெற்றோர் வீடியோ எடுப்பார்கள். முடிந்ததும் யாராவது வந்து "நல்ல தமிழ், அண்ணை" என்று சொல்லிவிட்டு ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கப் போவார்கள். எனக்கு அது போதுமாயிருந்தது.

போதாமலிருந்தது ஒன்றுதான். என் மகள் சிரிக்க மாட்டாள். முதல் பிரதி எழுதி முடித்த கையோடு குசினி மேசையில் அவளை இருத்தி வாசித்துக் காட்டுவேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்பாள். "ஓகே அப்பா. நான் மேல போகட்டா?" அவ்வளவுதான். பதினொரு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து ஒரு சிரிப்பு வாங்க முடியாத நான் என்ன எழுத்தாளன்?

அந்த வருடம் ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். அரசர், புலவர் எல்லாரும் போதும். லண்டனில் ஒரு அப்பா, ஒரு மகள். நகைச்சுவை நாடகம். மகள் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகக் கேட்கிறாள், அப்பா அனுமதி தருவாரா மாட்டாரா என்பதுதான் கதை. அப்பாவாக ஒட்டு மீசையோடு நடிக்கப் போவது என் மகள். அவளுக்காகவே அந்த அப்பாவுக்கு ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு வசனம் எழுதினேன். மொழி, மானம், நாங்கள் பட்ட பாடு எல்லாம் அதில் வரும். எழுதி முடித்ததும் நானே அதை இரண்டு தரம் உரக்க வாசித்துப் பார்த்தேன்.

தோர்ண்டன் ஹீத்தில் பள்ளிக்கூடக் குழுத் தலைவரின் வீட்டில் கூட்டம். இந்த முறை மண்டபம் குறைந்த நேரத்துக்குத்தான் கிடைத்திருக்கிறது, நாடகத்தைப் பாதியாக்க வேண்டும் என்றார் தலைவர். சரி, வெட்டுகிறேன் என்றேன்.

"உங்களுக்கு வெட்ட மனம் வராது. தம்பி வெட்டட்டும்."

தம்பி என்று அவர் கைகாட்டியது, பிரான்சிலிருந்து வந்து இரண்டு தெரு தள்ளி மரக்கறிக் கடை போட்டிருந்தவனை. வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. எப்போது பார்த்தாலும் பல் தெரியச் சிரிப்பான். அன்றைக்கும் சிரித்தபடியே என் பிரதியை வாங்கி, வாழைக்காய் வாசம் அடிக்கும் ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்தான்.

அடுத்த கூட்டத்தில் பிரதி திரும்பி வந்தது. என் ஒன்றரைப் பக்கத்தைத் தேடினேன். நெடுக ஒரு கோடு. அதற்குப் பதிலாக இவ்வளவும்தான் இருந்தது:

மகள்: அப்பா, ஸ்கூல் ட்ரிப் ஒண்டு இருக்கு.
அப்பா: ம்.
மகள்: மூண்டு நாள்.
அப்பா: ம்ம்.
மகள்: பொடியங்களும் வருவினம்.
அப்பா: ம்?

வீட்டுக்குப் போய் அதை மனைவியின் முன்னால் போட்டேன். "இஞ்ச பார். உதென்ன விசர் வேலை? ஒரு எழுத்தை வைச்சு நாடகமோ?"

வாசித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் கைத்துண்டு தேடுகிற மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். தோள் குலுங்கியது.

"என்ன சிரிக்கிறாய்?"

"நான் சிரிக்கேல்லையப்பா. நல்லாத்தான் வெட்டியிருக்கிறார்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எரியுதோ?" என்றாள்.

எரிந்தது. ஏன் மறைக்க வேண்டும்? வயிறு பற்றி எரிந்தது. நான் வருடக் கணக்காக எழுதிப் பிடித்த இடத்தில், மரக்கறி நிறுக்கிறவன் ஒருவன் வந்து ஒரு கோட்டோடு உட்கார்ந்துவிட்டான்.

அதோடு முடிந்ததா? எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வராது. அதனால் நாடகம் முழுவதையும் யாராவது பேசி ஒலிநாடாவில் பதிந்து கொடுக்க வேண்டும். அதைப் போட்டுக் கேட்டுத்தான் பாடமாக்குவார்கள். எப்போதும் அந்தக் குரல் என்னுடையதாக இருக்கும். அந்த முறை அவன் பதிந்தான்; ஒத்திகையும் அவன் கைக்கே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உலர்ந்த உடுப்புகளோடு மாடிப்படி ஏறினேன். மகளின் அறைக்குள் அவன் குரல் கேட்டது. என் வீட்டில், என் மகளின் அறையில், அந்த மனுசனின் குரல். "ம்?" என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நாடாவைப் பின்னுக்கு ஓட்டினாள். திரும்பவும் "ம்?" திரும்பவும் சிரிப்பு. கோதாரி, உடுப்புக் கூடையோடு பாதிப் படியில் நின்று முழுவதையும் கேட்டேன்.

விடவில்லை நான். மறுபடி உட்கார்ந்தேன். அவன் வெட்டினால் எனக்கு வெட்டத் தெரியாதா? ஒன்றரைப் பக்கத்தை முக்கால் பக்கமாக்கினேன். மானத்தைத் தூக்கினேன். பட்ட பாட்டையும் தூக்கினேன். நடுவில் இரண்டு பகிடி வைத்தேன். ஐந்தாறு தரம் அடித்துத் திருத்தி, கடைசியில் எட்டு வரிக்குக் கொண்டுவந்து மகளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். "நல்லா இருக்கப்பா. பட், அங்கிளின்ரதுதான் ஃபன்னி."

"ஏன்? என்ரதில என்ன குறை?"

தோளைக் குலுக்கினாள். "நீங்கள் எழுதின அப்பா ரியல் இல்லை."

அவன் என்னதான் மாயம் பண்ணுகிறான் என்று பார்க்க ஒத்திகைக்குப் போனேன். அவன் பிரதியைக் கையால் தொடக்கூட இல்லை. பிள்ளைகளோடு தரையில் சப்பணமிட்டு இருந்துகொண்டு, "இந்த இடத்தில வீட்டில அம்மா என்ன சொல்லுவா?" என்று கேட்டான். பிள்ளைகள் நான் முந்தி, நீ முந்தி என்று கத்தினார்கள். அவன் சிரித்துச் சிரித்து ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் எழுதினான்.

முடிந்ததும் போய்ப் பிடித்தேன். "தம்பி, உந்த 'ம்' உமக்கு எப்பிடி வந்தது?"

"ஐயோ அண்ணை, அது என்ரையில்லை. வெட்ட முந்திப் பிள்ளையளிட்ட 'அப்பாவிட்ட ஏதும் கேட்டா என்ன சொல்லுவார்?' எண்டு கேட்டனான். உங்கட மகள் எழும்பி, டிவியைப் பார்த்துக்கொண்டு இருக்கிற மாதிரி நிண்டு, செய்து காட்டினா. நான் எழுதினதுதான்." அதையும் பல் தெரியத்தான் சொன்னான். பாவிக்கு ஒரு கள்ளமும் இல்லை.

அவனுக்குத் திறமை இருந்து செய்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவன் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். நான் அவளை இருத்தி வாசித்துக்கொண்டே இருந்தேன், இவன் வந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டான். அன்றைக்குப் பட்ட பொறாமைக்கு முன்னால் முந்தினதெல்லாம் ஒன்றுமேயில்லை.

விழா ஸ்ட்ரெதமில் ஒரு மண்டபத்தில். ஒட்டு மீசையும் என் பழைய கார்டிகனுமாக மகள் கதிரையில் சாய்ந்திருந்தாள். முதல் "ம்" வந்ததும் பின்வரிசையில் ஒரு பெண் "ஐயோ, எங்கட மனுசன்!" என்று கத்தினாள். மூன்றாவது "ம்?" வந்தபோது மண்டபமே குலுங்கியது. அறிவிப்பாளர் எழுதியவர் என்று என் பெயரை மட்டும் வாசித்தார். ஆட்கள் வந்து என் முதுகில் தட்டினார்கள். "அண்ணை, இந்த முறை கலக்கிப்போட்டியள்! அந்த 'ம்' ஒண்டே காணும், வேறென்ன வேணும்!"

"அது நான் எழுதேல்லை," என்றேன்.

"அடக்கத்தைப் பாருங்கோவன்!" என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவன் ரோல்ஸ் மேசைக்குப் பக்கத்தில் நின்று எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குக் காரில் வந்தோம். மனைவி முன்னால், மகள் பின்னால். மீசை ஒட்டிய பசை இன்னும் அவள் உதட்டுக்கு மேலே சிவப்பாக இருந்தது.

"அப்பா, நான் ஓகேயாச் செய்தனானா?"

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நீ கதிரையில் சாய்ந்த விதம், அந்தக் கடைசி இடத்தில் புருவத்தைத் தூக்கிய விதம், எத்தனை பெரிய நடிகர்களுக்கு அது வராது என்பது, எல்லாம் வரிசையாக வந்து தொண்டையில் நின்றன. ஒன்றரைப் பக்கத்துக்குக் குறையாது. வாயைத் திறந்தேன்.

"ம்," என்றேன்.

மனைவி வாயைப் பொத்தினாள். பின்னால் மகள் என் இருக்கையைக் கையால் அடித்து அடித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை. நான் சொன்ன ஒன்றுக்கு என் மகள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதுவும் அவன் எழுதின வசனம்.